டிக்கெட் வாங்கின பிறகும் டிக்கெட்டா? முழு விலை கேமுக்குள்ளே கடை எதுக்கு?



வண்டியூர்ல எங்க தெருவுல மூணு பேர் சேர்ந்து ஒரு கேம் டிஸ்க் வாங்கினோம். விலை 4,500 ரூபாய். ஆளுக்கு 1,500. கன்சோல் ஒருத்தன் வீட்டுல, டிவி அவங்க அப்பாவோடது, ஆட்டம் மூணு பேருக்கும். கேம் பேரு வேண்டாம், ஏன்னா கதை அந்த ஒரு கேமுக்கு மட்டும் சொந்தமில்லை.

முதல் ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஆட்டம் நகரவே மாட்டேங்குது. நம்ம ஆளை அடுத்த லெவலுக்கு ஏத்தணும்னா ஒரே மேட்சைத் திரும்பத் திரும்ப ஆடணும். இல்லேன்னா மெனுவுல பளபளன்னு ஒரு கடை இருக்கு. 399 ரூபாய் கட்டினா ஒரு மூட்டை காயின். எங்கள்ல ஒருத்தன் நாலு தடவை கட்டினான். மொத்தம் 1,596 ரூபாய்.

மூணு மாசம் கழிச்சு டிஸ்க்கை 2,700க்கு வித்தோம். ஆளுக்கு 900 திரும்ப வந்துது. கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த நண்பனுக்கு டிஸ்க்கால ஆன நிகரச் செலவு 600 ரூபாய். கடையால ஆன செலவு 1,596. டிஸ்க்கை வாங்கினவர்கிட்ட அந்தக் காயின்ல ஒண்ணுகூடப் போகலை, ஏன்னா அதெல்லாம் அக்கவுண்ட்டோட ஒட்டினது. வித்தவனுக்கும் பிரயோஜனமில்லை, வாங்கினவருக்கும் பிரயோஜனமில்லை.

மொபைல் கேம்ல இது நமக்குப் பழகின விஷயம்தான். ஆனா நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து வாங்குற கேமுக்குள்ள இதுக்கு என்ன வேலை? இந்தக் கட்டுரையில அதைத்தான் பாடமா எடுத்துப் பார்க்கப் போறோம்.

1. பொருட்காட்சியும் தீம் பார்க்கும்

சித்திரைப் பொருட்காட்சிக்குப் போயிருப்பீங்க. நுழைவு டிக்கெட் விலை ரொம்பக் கம்மி. உள்ளே போனா ராட்டினத்துக்குத் தனி டிக்கெட், மரணக் கிணறுக்குத் தனி டிக்கெட், டெல்லி அப்பளத்துக்குத் தனிக் காசு. யாரும் கோபப்படுறதில்லை. வேணும்னா ஏறுவோம், இல்லேன்னா சுத்திப் பார்த்துட்டு வருவோம்.

தீம் பார்க் வேற மாதிரி. வாசல்லயே பெரிய தொகை வாங்கிடுவாங்க. அதுக்குப் பதிலா உள்ளே எதுல வேணும்னாலும் எத்தனை தடவை வேணும்னாலும் ஏறலாம்.

ரெண்டுமே நியாயமான வியாபாரம். மொபைல் கேம் முதல் வகை. பப்ஜி தடைக்குப் பிறகு 2021 ஜூலையில வந்த பிஜிஎம்ஐ இலவசம். டவுன்லோட் பண்ணினா ஆடலாம். யூசி வாங்கி டிரஸ் போட்டாத்தான் கம்பெனிக்கு வருமானம். கன்சோல் கேம் ரெண்டாவது வகை. வாசல்ல முழு விலை.

இப்போ பிரச்சனை என்னன்னா, தீம் பார்க் விலையை வாசல்ல வாங்கிட்டு, உள்ளே பொருட்காட்சி மாதிரி ஒவ்வொரு ராட்டினத்துக்கும் கை நீட்டுறது. அதுக்கும் மேல ஒண்ணு உண்டு. க்யூவை வேணும்னே மெதுவாக்கிட்டு, க்யூவைத் தாண்டிப் போக ஒரு டிக்கெட் விக்கிறது.

2. மொபைல்ல இருந்து வந்த அஞ்சு கருவிகள்

மைக்ரோட்ரான்சாக்‌ஷன்னா கேமுக்குள்ளேயே சின்னச் சின்னத் தொகையா நடக்கும் விற்பனை. அதைச் சுத்தி மொபைல் கேம்கள் சில கருவிகளை நல்லாத் தீட்டி வெச்சிருக்கு.

காத்திருப்பு: 2012ல மொபைலுக்கு வந்த கேண்டி க்ரஷ் நினைவிருக்கா? அஞ்சு உயிர். ஒரு உயிர் திரும்ப வர 30 நிமிஷம். காத்திரு, இல்லேன்னா காசு கட்டு.

ரெண்டு நாணயம்: ஆடிச் சம்பாதிக்கிறது ஒண்ணு, ரூபாய் கொடுத்து வாங்குறது இன்னொண்ணு. ரூபாய் டைமண்டாவோ யூசியாவோ மாறின உடனே, எவ்வளவு செலவாகுதுன்னு மனசு கணக்குப் போடுறதை நிறுத்திடும். பொருளோட விலை 1,100 காயின், கடையில கிடைக்கிற மூட்டை 1,000 காயின்னு வெச்சா நீங்க ரெண்டு மூட்டை வாங்கணும். மிச்சம் 900 காயின் உள்ளேயே கிடந்து அடுத்த தடவைக்குக் கூப்பிடும்.

பேட்டில் பாஸ்: சீசன் முடியறதுக்குள்ள ஆடி முடிச்சாத்தான் பரிசு. காசையும் கொடுத்துட்டு, தினமும் வருகைப் பதிவும் கொடுக்கணும்.

பூஸ்டர்: அனுபவப் புள்ளி ரெண்டு மடங்கு வேகத்துல ஏறும்னு சொல்லி விக்கிறது.

லூட் பாக்ஸ்: உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம வாங்குற பெட்டி. சின்ன வயசுல பெட்டிக்கடையில அட்டையைச் சுரண்டிப் பரிசு பார்த்தோமே, அதே சங்கதிதான்.

இலவச கேம்ல இதெல்லாம் இருக்கறதுக்கு ஒரு காரணமாவது சொல்லலாம். அவங்க வாசல்ல விலை எதுவும் வாங்கலை. முழு விலை கேமுக்கு அந்தக் காரணம் கிடையாது.

3. கன்சோலுக்கு வந்த வழி

2006 ஏப்ரல்ல ஆப்லிவியன் கேமுக்கு ஒரு குதிரைக் கவசத்தை இரண்டரை டாலருக்கு வித்தாங்க. பெரும்பாலும் அழகுக்குத்தான். அன்னைக்கு ஊரே சிரிச்சுது. ஆனா வாங்கினவங்களும் இருந்தாங்க.

2009ல ஃபிஃபா கால்பந்து கேம்ல அல்டிமேட் டீம் வந்துது. சீட்டுப் பாக்கெட்டைப் பிரிச்சு ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் முறை. அடுத்த பத்து வருஷத்துல அது எங்கே போய் நின்னுதுன்னா, 2021 நிதியாண்டுல அல்டிமேட் டீம் மூலம் மட்டும் 162 கோடி டாலர், மொத்த வருமானத்துல 29 சதவீதம்னு இஏ நிறுவனமே தன் ஆண்டறிக்கையில காட்டியது. சிரிச்ச குதிரைக் கவசத்தோட பேரப்பிள்ளைகள் இவங்க.

2017 நவம்பர்ல விஷயம் வெடிச்சுது. ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2, 60 டாலர் கேம். அதுல டார்த் வேடரா ஆடணும்னா 60,000 கிரெடிட் சேர்க்கணும். அதுக்கு சுமார் 40 மணி நேரம் ஆடணும்னு ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. இன்னொரு பக்கம், ஆட்டத்துல பலம் தரும் அட்டைகள் லூட் பாக்ஸ்ல விற்பனைக்கு. உழைச்சுச் சம்பாதிச்ச பெருமை கிடைக்கணும்னுதான் இப்படி வெச்சோம்ங்கிற மாதிரி நிறுவனம் கொடுத்த விளக்கத்துக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் ஓட்டு விழுந்து, அது கின்னஸ் புத்தகத்துலயே ஏறிச்சு. 60,000 கிரெடிட்டை 15,000 ஆக்கினாங்க. அப்பவும் அடங்கலை. கேம் வெளியாகறதுக்குச் சில மணி நேரம் முன்னாடி கடையையே மூடிட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது அந்த 60,000ம் 15,000ம்தான். ஒரே ராத்திரியில நாலுல ஒரு பங்கா குறைக்க முடிஞ்சிருக்குன்னா, அந்த 60,000 ஆட்டத்தோட சுவைக்காக நிர்ணயிச்ச எண்தானா?

4. கம்பெனி பக்கமும் கேட்போம்

ஒரு பக்கம் மட்டும் பேசினா அது பாடமில்லை, மேடைப் பேச்சு. அவங்க தரப்பு வாதங்கள் இவை.

ஒண்ணு, விலை. 2005 வாக்குல எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துல 60 டாலர் ஆன கேம் விலை, 2020 வரைக்கும் அப்படியே நின்னுது. அமெரிக்க விலைவாசிப்படி 2005ஓட 60 டாலர், 2020ல கிட்டத்தட்ட 80 டாலருக்குச் சமம். ஆக, உண்மையில கேம் விலை குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. தயாரிப்புச் செலவோ பல மடங்கு ஏறிடுச்சு.

ரெண்டு, ஆன்லைன் ஆட்டத்துக்கு சர்வர் வாடகை மாசாமாசம் கட்டணும். புது மேப் போடணும், ஏமாத்துறவங்களைப் பிடிக்கணும். ஒரு தடவை வாங்கின விலையில பத்து வருஷம் ஓட்ட முடியாது.

மூணு, வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தலையே?

முதல் வாதத்துல உண்மை இருக்கு. ஆனா பாதி உண்மை. அதே காலத்துல வாங்குறவங்க எண்ணிக்கையும் பல மடங்கு ஆச்சு. ஜிடிஏ 5 மட்டும் 20 கோடி பிரதிகளுக்கு மேல வித்திருக்கு. டிஸ்க் அடிச்சு, லாரியில ஏத்தி, கடைக்காரருக்குக் கமிஷன் கொடுத்து வித்த காலம் போய், பாதிக்கும் மேல டவுன்லோடா விக்கிற கேம்கள் வந்தாச்சு. இன்னொண்ணு, 2020ல இருந்து 70 டாலர் விலை வந்துது. விலை ஏறினதும் கடை மூடினாங்களா? 2023ல வந்தப்போ டயாப்லோ 4 விலை 70 டாலர். உள்ளே கடையும் இருக்கு, பேட்டில் பாஸும் இருக்கு. அப்போ விலை பத்தலைங்கிறது மட்டும் காரணமில்லை.

ரெண்டாவது வாதத்தை நான் ஒத்துக்கிறேன். வருஷக்கணக்குல ஓடுற ஆன்லைன் ஆட்டத்துக்குத் தொடர் வருமானம் வேணும். ஆனா தனியா உட்கார்ந்து ஆடுற கதை கேமுக்கு எந்த சர்வர் வாடகை?

மூணாவது வாதம்தான் முக்கியமானது. அதுக்குத் தனித் தலைப்பே போடலாம்.

5. 'வேணாம்னா வாங்காதே' ஏன் பதிலாகாது?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துல தண்ணி இல்லாத காலத்துல, உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடின கதையை நம்ம ஏரியா அண்ணன்கள்கிட்ட கேட்டிருப்பீங்க. அந்த மாதிரி ஒரு மேட்ச்னு நினைச்சுக்கோங்க. ஆளுக்கு நூறு ரூபாய் கட்டி ஆடுறோம். அம்பயரா நிக்கிறவர் ஆட்டம் நடுவுல சொல்றார்: "கஷ்டமா இருந்தா சொல்லுங்க தம்பி, பத்து ரன் அம்பது ரூபாய்க்குத் தர்றேன். கட்டாயமில்லை."

நீங்க வாங்கலை. ஆனா அடுத்த ஓவர்ல அவர் ஒரு வைடை வைடுன்னு கொடுக்கலை. உங்களுக்கு என்ன தோணும்? பந்து உண்மையிலேயே வைடு இல்லையா, இல்ல ரன் விக்கணும்னு கொடுக்கலையா? அவர் நேர்மையானவராவே இருக்கலாம். ஆனா அவர் ரன் விக்க ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து அவர் தீர்ப்பு எதையும் நம்ப முடியாது. வாங்காதவனோட ஆட்டமும் கெட்டுப் போச்சு.

கேம் டிசைனர்தான் அந்த அம்பயர். ஒரு லெவல் எவ்வளவு நேரம் எடுக்கணும், எதிரிக்கு எத்தனை உயிர், ஒரு பந்தயத்துல ஜெயிச்சா எவ்வளவு பரிசு, இதெல்லாம் அவர் கையில இருக்கும் எண்கள். பொறுமையைச் சோதிக்காத ஆட்டத்துல பூஸ்டர் விற்காது. ஆக, பூஸ்டர் விக்கிறவருக்கு ஆட்டத்தைக் கொஞ்சம் சலிப்பாக்க ஒரு காரணம் கிடைச்சுடுது. என் வாதமே இந்த ஒரு வரிதான்: கடை வந்தா, கடைக்கு வெளியே இருக்கும் ஆட்டமும் மாறும்.

இது என் கற்பனையா? மூணு கேஸ் பார்ப்போம்.

கேஸ் 1, டயாப்லோ 3: 2012ல வந்த முழு விலை கேம். அரக்கர்களைக் கொன்னா ஆயுதம் விழும், அதுதான் ஆட்டத்தோட உயிர். ஆட்டக்காரர்கள் ஆயுதங்களை நிஜப் பணத்துக்கு ஒருத்தருக்கொருத்தர் வித்துக்க ஒரு ஏலக் கடை திறந்தாங்க. ஒவ்வொரு விற்பனையிலும் கம்பெனிக்கு ஒரு பங்கு. கொஞ்ச நாள்ல அரக்கனைக் கொல்றதை விட ஏலத்துல தேடுறதே லாபம்னு ஆச்சு. ஆட்டத்தோட அடிப்படையையே இது கெடுக்குதுன்னு ஒத்துக்கிட்டு, 2014 மார்ச் 18ல ஏலக் கடையை மூடினாங்க. அதையொட்டி ஆயுதம் விழும் முறையையும் திருத்தி, நல்ல பொருள் விழ வழி பண்ணினாங்க.

கேஸ் 2, ஷேடோ ஆஃப் வார்: 2017 அக்டோபர்ல வெளியானது. கதை கேம். இதோட தனிச்சிறப்பு, எதிரிப் படைத் தலைவர்கள் உங்களை ஞாபகம் வெச்சுக்குவாங்க. உங்ககிட்ட தோத்தவன் தழும்போட திரும்ப வருவான். அவனை நீங்க வென்று உங்க படையில சேர்க்கலாம். அதே தலைவர்களைப் பெட்டியில போட்டு வித்தாங்க. கடைசியில தயாரிச்சவங்களே, காசுக்கு வாங்கும் வசதி இருக்கறதே இந்த அமைப்போட உயிரைக் கெடுக்கும் ஆபத்துன்னு அறிவிச்சு, 2018 ஜூலையில கடையை முழுசா எடுத்தாங்க. கூடவே கேமோட கடைசிப் பகுதியையும் சுருக்கிச் சீராக்கினாங்க. இதுதான் எனக்கு முக்கியமான சாட்சி. கடையை எடுத்தப்போ ஆட்டத்தோட நீளத்திலும் கை வெச்சாங்க.

கேஸ் 3, கிரான் டூரிஸ்மோ 7: 2022 மார்ச் 4ல வெளியான கார் பந்தய கேம். வாங்கி ரெண்டு வாரம்கூட ஆகலை. ஒரு அப்டேட்டுல பல பந்தயங்களுக்கான பரிசுத் தொகையைக் குறைச்சாங்க. அதே கேம்ல 20 லட்சம் கிரெடிட்டை 20 டாலருக்கு விக்கிறாங்க. சில கார்களோட விலையோ 1 கோடியே 80 லட்சம், 2 கோடி கிரெடிட். நேராக் காசு கொடுத்து வாங்கினா ஒரு காருக்கு ஏறத்தாழ 200 டாலர், அதாவது கேமோட விலையைப் போல மூணு மடங்கு. எதிர்ப்பு கிளம்பினதும் மன்னிப்புக் கேட்டு, எல்லாருக்கும் 10 லட்சம் கிரெடிட் கொடுத்து, ஏப்ரல்ல பரிசுத் தொகைகளை உயர்த்தினாங்க.

மூணு கேஸ்லயும் கடையில எதுவும் வாங்காதவங்களும் பாதிக்கப்பட்டாங்க. அதனாலதான் 'வேணாம்னா வாங்காதே' பதிலாகாது.

கடைசி கேஸ்ல இன்னொரு பாடமும் இருக்கு. நீங்க பணம் கொடுத்து வாங்கின பொருளை, வாங்கின பிறகு அவங்க மாத்த முடியுது. விமர்சனம் படிச்சுட்டுத்தான் வாங்கினேன்னு சொன்னாலும் போதாது. சில கேம்கள் வெளியானப்போ கடையே இல்லாம இருந்து, நல்ல மதிப்பெண் வாங்கின பிறகு கடை திறந்த கதையும் உண்டு. 2019 ஜூன்ல வந்த க்ராஷ் டீம் ரேசிங் கேம்ல ஆகஸ்ட்லதான் காசுக் கடை வந்துது.

6. டிரஸ் மட்டும் வித்தா?

"பலத்தை விக்கலை, டிரஸ் மட்டும்தான் விக்கிறோம்"னு சிலர் சொல்வாங்க. பலத்தை விக்கிறதை விட இது ஆயிரம் மடங்கு மேல். ஆன்லைன்ல வருஷக்கணக்கா ஓடுற ஆட்டத்துக்கு இதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனா ஒரு நிபந்தனை: விலை ரூபாயில இருக்கணும், பொருள் கண் முன்னாடி தெரியணும், பெட்டி கூடாது.

இதை விட நல்ல முறையும் இருக்கு. 2015ல வந்த விட்சர் 3 கேமுக்கு 16 சின்னச் சின்ன இணைப்புகளை இலவசமாவே கொடுத்தாங்க. அப்புறம் பல மணி நேரம் ஆடக்கூடிய ரெண்டு பெரிய கதைகளைத் தனி விலைக்கு வித்தாங்க. இன்ன விலைக்கு இன்ன கதைன்னு தெரிஞ்சு வாங்கினோம், யாரும் திட்டலை. 2023ல வந்த பால்டர்ஸ் கேட் 3 கேமுக்குள்ளே காசுக் கடையே இல்லை. அதுவும் பெரிய வெற்றிதான். கடை இல்லேன்னா தொழிலே நடக்காதுங்கிற பேச்சுக்கு இந்த ரெண்டும் போதும்.

7. ஒரு நிகழ்தகவுக் கணக்கு

நாம இன்ஜினியரிங் பசங்க. லூட் பாக்ஸைத் திட்டறதை விடக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலாவது செமஸ்டர் கணிதம் இங்கேயாவது உதவட்டும்.

ஒரு பெட்டி 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். அதுல நமக்கு வேண்டிய பொருள் வர வாய்ப்பு 1 சதவீதம். "அப்போ 100 பெட்டி திறந்தா கண்டிப்பா வரும்"னு மனசு சொல்லும். தப்பு. ஒரு பெட்டியில வராம இருக்க வாய்ப்பு 0.99. நூறு பெட்டியிலும் வராம இருக்க வாய்ப்பு 0.99ஓட நூறாவது அடுக்கு, அதாவது 0.366. பத்தாயிரம் ரூபாய் செலவழிச்ச பிறகும் நூத்துக்கு 37 பேர் வெறுங்கையோட நிப்பாங்க. 90 சதவீதம் உறுதி வேணும்னா சுமார் 230 பெட்டி. 23,000 ரூபாய். நம்ம கல்லூரிகள்ல பல பேருக்கு அது ஒரு செமஸ்டர் கட்டணத்தோட பெரும் பங்கு.

இன்னொரு வகை இருக்கு. பத்து வெவ்வேறு அட்டையையும் சேர்த்தாத்தான் பெரிய பரிசு. பத்தும் சம வாய்ப்புன்னாலும், பத்து பெட்டியில முடியாது. முதல் அட்டை முதல் பெட்டியிலேயே புதுசு. ஒன்பது சேர்ந்த பிறகு மிச்சமுள்ள அந்த ஒரு அட்டைக்கு மட்டும் சராசரியா பத்து பெட்டி ஆகும். மொத்தம் கூட்டினா சராசரி 29 பெட்டிக்கு மேல போகும். முதல் அஞ்சு அட்டை சுமார் ஆறு பெட்டியிலேயே வந்துடும். "பாதி முடிஞ்சுது"ன்னு நினைப்போம். உண்மையில அஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் முடிஞ்சிருக்கு. இந்த ஏமாற்றம்தான் அந்த டிசைனோட பலமே. ஜப்பான்ல இதுக்கு 'கம்ப்ளீட் காச்சா'ன்னு பேரு. 2012 மே மாசம் அந்நாட்டு நுகர்வோர் முகமை இது சட்ட விரோதம்னு அறிவிச்சுது.

8. சட்டம் எங்கே நிக்குது?

சீனா 2017 மே மாசத்துல இருந்து பெட்டியில எது வர எவ்வளவு வாய்ப்புன்னு வெளியிடச் சொல்லிடுச்சு. பெல்ஜியம் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரல்ல ஃபிஃபா 18 உட்பட மூணு கேம்களோட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுதுன்னு சொன்னது. 2019 ஜனவரியில அங்கே ஃபிஃபா பாயின்ட் விற்பனை நின்னுது. நெதர்லாந்துல கதை தலைகீழ். விதிச்ச ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022 மார்ச்சுல உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு. பாக்கெட் பிரிக்கிறது தனி ஆட்டமில்லை, திறமை ஆட்டத்தோட ஒரு பகுதின்னு காரணம் சொன்னாங்க. ஒரே பெட்டி, ரெண்டு நாடு, ரெண்டு தீர்ப்பு.

நம்ம தமிழ்நாட்டுல? ஆன்லைன் ரம்மியில பணத்தை இழந்து உயிரை மாய்ச்சுக்கிட்ட செய்திகளை நாம மறக்க முடியாது. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூன்ல அறிக்கை கொடுத்துது. அதைத் தொடர்ந்து வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துது. அந்த நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லி அந்த ரெண்டையும் தடையில இருந்து விலக்கிச்சு. அப்புறம் 2025 பிப்ரவரியில புது விதிமுறை. பணம் வெச்சு ஆடுற ஆட்டங்கள்ல 18 வயசுக்குக் கீழே அனுமதி கிடையாது, ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 மணியில இருந்து காலை 5 மணி வரை உள்ளே நுழைய முடியாது. ஜூன்ல உயர் நீதிமன்றம் இதைச் செல்லும்னு சொல்லிச்சு. 2025 ஆகஸ்ட்டுல நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் கேமிங் சட்டம் இன்னும் ஒரு படி மேல போய், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வெச்சு ஆடுற ஆட்டமே கூடாதுன்னுது.

இந்தச் சட்டங்களோட குறி, பணம் கட்டிப் பணம் எடுக்க நினைக்கிற ஆட்டம். லூட் பாக்ஸ்ல நீங்க கட்டுறது நிஜ ரூபாய். கிடைக்கிறது அக்கவுண்ட்டை விட்டு வெளியே வராத ஒரு படம். ரம்மியிலயாவது நூத்துல ஒருத்தர் கையில காசு பார்ப்பார். இதுல ஜெயிச்சாலும் காசு வராது. 'காசு வராததால சூது இல்லை'ங்கிறது ஒரு வாதம். 'வரவே வராத இடத்துல ஒரு பள்ளிக்கூடப் பையன் ஏன் கட்டுறான்'ங்கிறது நம்ம கேள்வி.

நமக்குக் கையில இருக்கும் இன்னொரு கருவி, நுகர்வோர் பாதுகாப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரா வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. மொத்தம் 13 வகை. பொய்யான அவசரம் காட்டுறது, ஓயாம நச்சரிக்கிறது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடுறது எல்லாம் அதுல உண்டு. 'இன்னும் 10 நிமிஷம்தான்'னு ஓடிட்டே இருக்கும் கேம் கடைக் கடிகாரத்தை இந்தப் பட்டியலோட ஒப்பிட்டுப் பாருங்க. அமெரிக்காவுல ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் நிறுவனம், தெரியாம வாங்க வைக்கிற வடிவமைப்புக்காக 24 கோடியே 50 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுக்க 2022 டிசம்பர்ல ஒத்துக்கிட்டது. சூதுன்னு நிரூபிக்காமலே, நுகர்வோர் சட்டம் வழியாவே வாங்கின நியாயம் அது.

9. வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. அட்டையில 'கேமுக்குள் விற்பனை உண்டு', 'எது வரும்னு தெரியாத பொருள் உண்டு'ன்னு இருக்கா? அமெரிக்க மதிப்பீட்டு வாரியம் 2018ல இருந்தும் 2020ல இருந்தும் இந்த ரெண்டு குறிப்பையும் போடுது. டிஸ்க்கோட பின்பக்கம் பாருங்க.

2. கடையில விக்கிறது டிரஸ்ஸா, நேரமா, பலமா? நேரமும் பலமும் வித்தா அம்பயர் ரன் விக்கிறார்னு அர்த்தம்.

3. வெளியாகி ரெண்டு மாசம் ஆச்சா? பொறுங்க. விலையும் குறையும், கடை திறந்தாங்களான்னும் தெரியும்.

4. இன்டர்நெட் இல்லாம ஆட முடியுமா? முடியாதுன்னா, நாளைக்கு அவங்க எந்த எண்ணையும் மாத்தலாம்.

5. வீட்டுல தம்பி தங்கச்சி அதே கன்சோல்ல ஆடுறாங்களா? அப்பாவோட கார்டை சேமிச்சு வைக்காதீங்க. வாங்கும்போது பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி செட் பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

கடைசியா, நம்ம கிளாஸ்லயே கேம் கம்பெனிக்கு வேலைக்குப் போகப் போறவங்க இருக்காங்க. ஒருநாள் உங்க ஸ்க்ரீன்லயும் ஒரு எக்செல் ஷீட் திறந்து கிடக்கும். 'இந்த லெவலுக்கு எத்தனை புள்ளி?'ங்கிற கட்டத்துல நீங்கதான் ஒரு எண்ணைப் போடணும். யாராவது வந்து, "இதை ரெண்டு மடங்கு ஆக்கு, பூஸ்டர் விற்பனை ஏறும்"னு சொல்வாங்க. அப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கடையே இல்லேன்னா இந்த எண் எவ்வளவா இருக்கும்?" அந்தப் பதில்தான் ஆட்டத்துக்கு நியாயமான எண். அதுக்கும் ஷீட்ல இருக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், ஏற்கனவே டிக்கெட் வாங்கின ஒருத்தர்கிட்ட இருந்து நீங்க எடுக்கும் நேரம். அவர் எங்கேயோ வண்டியூர் மாதிரி ஒரு ஊர்ல, மூணு பேர் காசு போட்டு வாங்கின டிஸ்க்கோட, அப்பா டிவியைப் பார்த்து முடிக்கட்டும்னு காத்துட்டு இருப்பார்.

நாங்க மூணு பேரும் அடுத்த டிஸ்க் வாங்கிட்டோம். வாங்கறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வியையும் கேட்டோம். 1,596 ரூபாய் கட்டின நண்பன்தான் முதல் ஆளா அட்டையைத் திருப்பிப் படிச்சான்.